லியுப்லியானாவில் நண்பர்களுடன் மூன்று இரவு: எந்தக் கிழமை போய் இறங்குவது?

கேள்வி இதுதான்: நண்பர்கள் ஐந்து பேர், மூன்று இரவு, ஐரோப்பாவில் பசுமையான ஒரு தலைநகரம் வேண்டும். காலையிலிருந்து இரவு வரை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட விருப்பமில்லை. ஸ்லொவேனியாவின் லியுப்லியானா சரிப்படுமா?

தாராளமாகச் சரிப்படும். மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தலைநகரம். ஐரோப்பிய ஆணையம் 2016-ஆம் ஆண்டுக்கான பசுமைத் தலைநகர் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. நகரின் நடுப்பகுதியில் 2007 முதல் படிப்படியாகக் கார்களை நிறுத்திவிட்டார்கள். ஆற்றின் இரு கரையும் இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான். பழைய நகரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். பாரிஸ், ரோம் போல "இதைப் பார்க்காமல் திரும்பினால் ஊர் சிரிக்கும்" என்ற வகை இடங்கள் இங்கே இல்லை. உங்கள் நோக்கத்துக்கு அதுவே வசதி.

ஆனால் பெரும்பாலானவர்கள் எந்த இடங்களைப் பார்ப்பது என்று யோசிக்கிறார்களே தவிர, எந்தக் கிழமைகளில் அங்கே இருப்போம் என்று யோசிப்பதில்லை. இந்த ஊரில் கிழமைதான் முக்கியம். வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கும் உணவுச் சந்தை ஒன்று உண்டு. காய்கறிச் சந்தை சனிக்கிழமை காலையில் களைகட்டும். ஞாயிறன்று கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். திங்களன்று அருங்காட்சியகங்களில் பல திறக்காது. சனி மதியம் வந்து செவ்வாய் காலை கிளம்பினால், இந்த நகரத்தின் பாதியை மூடிய கதவாகத்தான் பார்ப்பீர்கள். வியாழன் மாலை வந்து ஞாயிறு பிற்பகலில் கிளம்புவதே சரியான கணக்கு. விமானச் சீட்டு திங்களன்று முப்பது யூரோ குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை மாற்றாதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை மே இறுதி, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரிக்கு மேல் போகும், மாலையில் இடியோடு மழை கொட்டும். உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மூடுபனி. நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருப்பதால் குளிர்காற்று அடியில் தேங்கி, நாள் முழுக்கச் சாம்பல் நிறமாகவே கிடக்கும். அந்த நாட்களில் பக்கத்துக் குன்று எதிலாவது ஏறினால் மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும் வாய்ப்பும் உண்டு. ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான், ஆனால் இங்கே அது பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டுப் பெய்கிறது. ஆகவே எந்த மாதமானாலும் மெல்லிய மழைச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

போய்ச் சேரும் வழிக்கு வருவோம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல், பிராங்க்பர்ட், சூரிச் போன்ற இடங்களில் மாற வேண்டும். லியுப்லியானா விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் பிர்னிக் என்ற இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பஸ் மலிவு, ஆனால் சனி ஞாயிறில் அது குறைவு. பகிர்ந்துகொள்ளும் வேன்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. நான்கைந்து பேர் என்றால் முன்பே விலை பேசிய ஒரு பெரிய டாக்சிக்கும் கிட்டத்தட்ட அதே செலவுதான் ஆகும். தெருவில் நிற்கும் டாக்சியில் விலை கேட்காமல் ஏறாதீர்கள். போன் செய்தோ செயலியிலோ கூப்பிட்டால் கட்டணம் கணிசமாகக் குறையும்.

லியுப்லியானாவுக்கே விமானச் சீட்டு விலை அதிகமாக இருந்தால் அக்கம்பக்கத்து ஊர்களைப் பாருங்கள். இத்தாலியின் திரியெஸ்தெயிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், குரோவாசியாவின் சாக்ரெப்பிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரம், வெனிஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். வியன்னாவிலிருந்து நேரடி ரயில் ஆறு மணி நேரம் எடுக்கும். அந்த ஆறு மணி நேரம் வீணில்லை. 1854-இல் திறந்த செம்மரிங் மலைப்பாதை வழியாகவும், பிறகு சாவா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியும் அது போகிறது. ஒரு எச்சரிக்கை: ஸ்லொவேனிய ரயில் பாதைகளில் சீரமைப்பு வேலைகள் அடிக்கடி நடக்கும், சில பகுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அப்படியொரு நாளில் தொடர்வண்டி மாற இருபது நிமிட இடைவெளி மட்டும் வைத்திருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். ஒரு மணி நேரமாவது வையுங்கள். எல்லாம் ஷெங்கன் பகுதி (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) என்றாலும் எல்லைகளில் சில சமயம் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பாஸ்போர்ட்டை அடியில் போன பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

விசா தேவைப்படுகிறவர்கள் குழுவில் இருந்தால் ஒரு நுணுக்கம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வியன்னாவில் நான்கு இரவு, இங்கே மூன்று இரவு என்றால் அது ஆஸ்திரிய விசா. இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பிரிட்டனில் வதிவிட அனுமதியோடு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் ஷெங்கன் விசா வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் இதை மறந்துவிட்டு, மற்ற நால்வரும் விமானச் சீட்டு வாங்கிய பிறகு நினைவுக்கு வருவதுதான் குழுப் பயணங்களில் வழக்கமாக நடப்பது. எல்லார் பாஸ்போர்ட்டையும் முதலில் பாருங்கள், சீட்டைப் பிறகு வாங்குங்கள்.

தங்குமிடம் என்றால் ஐந்து பேருக்கு இரண்டு மூன்று அறைகளுள்ள வீடு ஒன்றை எடுப்பதே நல்லது. ஆற்றங்கரை வீடு படத்தில் அழகாக இருக்கும். கோடைகால வார இறுதியில் அதே ஆற்றங்கரையில் நள்ளிரவு தாண்டியும் பேச்சுச் சத்தம் ஓயாது, ஜன்னலைத் திறந்து தூங்க முடியாது. பழைய கட்டடங்களில் குளிரூட்டியும் இருக்காது, லிஃப்டும் இருக்காது. தெற்கே திர்னோவோ பகுதியோ, ரயில் நிலையத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள தாபோர் பகுதியோ எடுத்தால் பத்து நிமிட நடையில் நடுப்பகுதி, இரவில் நிம்மதி. நடைப்பகுதிக்குள் டாக்சி வராது, எல்லையில் இறக்கிவிட்டுப் போய்விடும். கல்பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுப்பது முதல் நாளே மனதைக் கெடுக்கும். அதற்கு "கவாலிர்" என்ற பேட்டரி வண்டிகள் இருக்கின்றன. மாநகரமே இலவசமாக ஓட்டுகிறது. தெருவில் கையைக் காட்டி நிறுத்தலாம், போனிலும் கூப்பிடலாம். முதலில் முதியோருக்காகத்தான் தொடங்கினார்கள், ஆனால் யாரும் ஏறலாம். ஒரு வண்டியில் ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் ஏறாது. பெட்டிகளோடு இருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடந்து போங்கள்.

வீட்டு வாடகையோடு சுற்றுலா வரி தனியாக வரும், தலைக்கு ஓர் இரவுக்கு மூன்று யூரோவுக்குச் சற்று மேல். சில வீட்டுக்காரர்கள் இதை நேரில் ரொக்கமாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல. விருந்தினர் விவரங்களைப் பதிவுசெய்யவும் அவர்களுக்குச் சட்டக் கடமை உண்டு, அதனால் பாஸ்போர்ட் கேட்டால் காட்டுங்கள்.

குப்பை விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யக் குப்பை இலக்கை ஏற்ற முதல் ஐரோப்பிய ஒன்றியத் தலைநகரம் இது. நடுப்பகுதியில் குப்பைத் தொட்டிகளைத் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், மேலே உருளை வடிவ வாய் மட்டும் தெரியும். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற பொதி உறைகள் மூன்றுக்குமான தொட்டியை யாரும் திறக்கலாம். உணவுக் கழிவுக்கும் எஞ்சிய குப்பைக்கும் உள்ள தொட்டி வீட்டுக்காரரின் அட்டை இல்லாமல் திறக்காது. கிளம்பும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தொட்டி தொட்டியாக அலைபவர்களில் பெரும்பாலோர் இது தெரியாத பயணிகள். சாவி வாங்கும்போதே அட்டையையும் கேளுங்கள்.

வியாழன் மாலை வந்து பெட்டியை வைத்ததும் செய்ய வேண்டியது ஆற்றோரம் நடப்பது, அவ்வளவுதான். ஆற்றின் பெயர் லியுப்லியானித்சா. இந்த நகரை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தவர் யோஷெ பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் (1872–1957). இங்கே அவர் செய்த வேலைகளை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நகர் நடுவிலுள்ள முப்பாலத்தில் நடுப்பாலம் 1842-இல் கட்டியது. வண்டி நெரிசல் கூடியபோது பழைய பாலத்தை இடிக்காமல், நடப்பவர்களுக்காக இரு பக்கமும் ஒவ்வொரு பாலத்தை விசிறிபோல் விரித்துச் சேர்த்தார், 1932-இல் வேலை முடிந்தது. அங்கிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராகத் தெற்கே நடந்தால் கூட்டம் குறைந்துகொண்டே வரும். திர்னோவோவை நெருங்கும்போது கரையில் அகலமான கல் படித்துறை, அதன் மேல் வரிசையாக அழுகை வில்லோ மரங்கள். அதுவும் பிளெச்னிக் வடிவமைத்ததே. ஐந்து பேர் காசு செலவழிக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச ஐரோப்பியத் தலைநகரங்களில் இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். பக்கத்திலேயே ஓடும் கிரதாஷ்சித்சா ஓடையின் மேல் மரங்கள் வளரும் பாலம் ஒன்று இருக்கிறது. பாலத்தின் மீதே பிர்ச் மரங்களை நட்டிருக்கிறார்கள்.

படித்துறைக்குப் பீர் வாங்கிப் போகலாம் என்று நினைத்தால் இரவு ஒன்பது மணிக்கு முன்பே வாங்குங்கள். இரவு 9 முதல் காலை 7 வரை கடைகளில் மது விற்க ஸ்லொவேனியச் சட்டம் அனுமதிப்பதில்லை. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் கிடைக்கும், விலை இரட்டிப்பாகும். தண்ணீர் வாங்கவே வேண்டாம். குழாய் நீர் நிலத்தடியிலிருந்து வருவது, நல்ல சுவை. நகரெங்கும் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்தை உணவுச் சந்தைக்கு ஒதுக்குங்கள். மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை, மழை இல்லாத வெள்ளிக்கிழமைகளில், தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள பொகாச்சார் சதுக்கத்தில் "ஒத்பர்த்தா குஹ்னா" என்ற திறந்தவெளிச் சமையல் நடக்கிறது. ஊரின் உணவகங்கள் சிறு கடை போட்டுக் கண்ணெதிரே சமைக்கும். காலநிலை மோசமென்றால் ரத்து, ஆகவே அன்று காலையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை அலுவலகக் கூட்டம் முழுக்க இங்கே இருக்கும், உட்கார இடம் கிடைக்காது. பதினொன்றரைக்கு முன் போங்கள், இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள். இருவர் முதலில் மேசை பிடித்துவிட, மூவர் ஆளுக்கொரு கடையில் நின்று வாங்கி வந்து நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் இங்கே முறை. ஒரு தட்டு பத்து யூரோவுக்கு முன்பின் இருக்கும்.

குழுவில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் இந்த நாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. யோதா என்பது புளித்த முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்ட குழம்பு. பார்க்கச் சைவம், பெரும்பாலும் உள்ளே புகையிட்ட பன்றியிறைச்சி. ரிச்செத் என்ற பார்லிக் கஞ்சியும் அப்படித்தான். இத்ரியா ஊரின் ஷ்லிக்ரோஃபி கொழுக்கட்டையில் பூரணம் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான், கூடவே பன்றிக்கொழுப்பு சேர்வது வழக்கம். ஷ்கான்சி என்ற பக்வீட் மாவுக் களியின் மேல் பொரித்த கொழுப்புத் துணுக்கைத் தூவித்தான் தருவார்கள். துணிந்து வாங்கக் கூடியது ஷ்த்ருக்லி: மாவை மெல்லியதாகத் தேய்த்து, பாலாடைக்கட்டியோ வால்நட்டோ தர்ராகன் தழையோ வைத்துச் சுருட்டி வேகவைத்தது. பீன்ஸ் சாலட்டில் கரும்பச்சையான பூசணி விதை எண்ணெய் ஊற்றித் தருவதும் நன்றாக இருக்கும். "பிரெஸ் மெசா" என்றால் இறைச்சி இல்லாமல். அதோடு "பிரெஸ் ஸ்லானினெ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், பன்றிக்கொழுப்பு இல்லாமல் என்று பொருள். இந்த ஊரில் பலர் பன்றிக்கொழுப்பை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. குதிரை இறைச்சி பர்கரும் இங்கே சாதாரணமாக விற்கும் பண்டம், தெரியாமல் வாங்கிவிட வேண்டாம். காரம் எதிலும் இருக்காது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு சிறு டப்பாவில் மிளகாய்ப்பொடி எடுத்துப் போவது உங்கள் விருப்பம்.

இனிப்பில் பிரெக்முர்ஸ்கா கிபானித்சாவைத் தவறவிடாதீர்கள். கசகசா, வால்நட், ஆப்பிள், பாலாடைக்கட்டி என்று அடுக்கடுக்காக வைத்துச் சுட்டது. ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும்.

சனிக்கிழமை காலை எட்டு எட்டரைக்கே காய்கறிச் சந்தைக்குப் போய்விடுங்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயிகள் மதியத்துக்குள் கட்டிவிடுவார்கள். ஆற்றை ஒட்டிய நீளமான தூண்வரிசைக் கட்டடமும் பிளெச்னிக் கைவண்ணம், அதன் கீழ்த்தளத்தில் மீன் விற்கிறார்கள். சந்தையில் ரொக்கமாகச் சில்லறை வேண்டும். இங்கே ரொட்டி, பாலாடைக்கட்டி, செர்ரிப்பழம், தக்காளி என்று மதிய உணவை வாங்கிவிடுங்கள். ஞாயிறுக்கும் சேர்த்து வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது.

வாங்கியதைச் சாப்பிட இடம் டிவோலி பூங்கா. நடுப்பகுதியிலிருந்து மேற்கே பதினைந்து நிமிட நடை. 1813-இல், இந்தப் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, பொறியாளர் ழான் பிளான்ஷார் திட்டமிட்டது. முதலில் ஒழுங்காக வெட்டிய புல்வெளியும், புகைப்படக் கண்காட்சி வைத்த அகலமான நடைபாதையும் வரும். நின்றுவிடாதீர்கள். பூங்கா முடியும் இடம் தெரியாமலே காடு தொடங்கிவிடும், அதுதான் ரோஷ்னிக் குன்று. உச்சி 394 மீட்டர், நகரமே கிட்டத்தட்ட 300 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது நூறு மீட்டர்தான். செருப்போடு ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், ஷூ போடுங்கள். மேலே ஒரு சிறு தேவாலயமும் உணவகமும் இருக்கின்றன. நகர் நடுவிலிருந்து நடந்தே காட்டுக்குள் போய்விடலாம் என்பதுதான் இந்த நகரின் பசுமையில் நான் முதலிடம் கொடுப்பது. விருதெல்லாம் அப்புறம்.

இங்கே உண்ணி பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்லொவேனியாவின் காடுகளிலும் உயர்ந்த புல்லிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உண்ணி அதிகம். லைம் நோயையும் மூளையழற்சிக் காய்ச்சலையும் அவை பரப்புகின்றன. ரோஷ்னிக் போன்ற நகர்ப்புறக் காட்டிலும் அவை உண்டு. பாதையை விட்டு இறங்கிப் புல்லில் உருள வேண்டாம். முழுக்கால் உடை, விரட்டி மருந்து போதும். திரும்பியதும் முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் ஒருவருக்கொருவர் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் வேண்டாம், அது தொற்றும் வாய்ப்பைக் கூட்டும். பின்வரும் வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், எங்கே உண்ணி கடித்தது என்பதையும் சொல்லுங்கள்.

சனி பிற்பகலுக்கு சைக்கிள். இதில் இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாநகரத்தின் பொது சைக்கிள் "பிசிகெல்" 2011-இல் தொடங்கியது. இணையத்தில் வங்கி அட்டையோடு பதிவுசெய்ய வேண்டும், ஒரு வாரப் பதிவுக்கு ஒரு யூரோ. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குப் பிறகு கட்டணம் ஏறும். ஒரு மணிக்குள் ஏதாவது நிலையத்தில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வேறொன்றை எடுத்தால் மறுபடி இலவசம். ஒரு பதிவுக்கு ஒரு சைக்கிள்தான், எனவே ஐவரும் தனித்தனியாக முதல் நாள் இரவே பதிவுசெய்துவிடுங்கள். சதுக்கத்தில் நின்றுகொண்டு ஐந்து பேர் பதிவுசெய்வதற்குள் வெயில் இறங்கிவிடும். மாலையில் நடுப்பகுதி நிலையங்கள் நிரம்பிவிடும், விட இடம் இருக்காது. இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடங்கள். விட்ட பிறகு பூட்டு விழுந்துவிட்டதா என்று ஆட்டிப் பாருங்கள், விழவில்லையென்றால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நீளமாக ஓட்ட வேண்டுமென்றால் தனியார் கடையில் நாள் வாடகைக்கு எடுங்கள். ஓட்ட வேண்டிய பாதை, நகரைச் சுற்றி வரும் "நினைவும் தோழமையும்" பாதை, சுமார் 34 கிலோமீட்டர். 1942 பிப்ரவரியில் இத்தாலிய ஆக்கிரமிப்புப் படை, உள்ளே இருந்த எதிர்ப்பியக்கத்தை வெளியிலிருந்து துண்டிக்க, லியுப்லியானா முழுவதையும் முள்வேலியால் சுற்றி வளைத்தது. இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர் அந்த வேலியை வைத்துக்கொண்டார்கள். 1945 மே 9-இல் நகரம் விடுதலையாகும் வரை அது நின்றது. அந்த வேலி ஓடிய தடத்தில்தான் இன்று சரளைப் பாதை, இரு பக்கமும் மரங்கள். முழுச் சுற்றும் நிதானமாக ஓட்டினால் மூன்று மணி நேரம். கிழக்கே கோலோவெட்ஸ் குன்றுப் பகுதி செங்குத்து. பழக்கமில்லாதவர்கள் அந்தத் துண்டை விட்டுவிட்டு மேற்குப் பாதியை மட்டும் ஓட்டுங்கள், பழைய செங்கல் சூளைக் களிமண் குழியில் நீர் தேங்கி உருவான கொசெஸெ குளத்தில் நிறுத்தி இளைப்பாறுங்கள். நடப்பவர்களுக்கே முன்னுரிமை, மணியடித்து விரட்டாதீர்கள்.

கோட்டைக்கு ஏறுவதைச் சனி மாலைக்கு வையுங்கள். முற்றத்துக்குள் நுழைய கட்டணம் இல்லை, கோபுரத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான் சீட்டு. 2006-இல் வந்த கயிற்றிழு ரயில் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடும். நடந்தால் மரநிழலில் பதினைந்து நிமிடம். ஐந்து பேர் நடந்தால் மிச்சமாகும் காசில் எல்லோருக்கும் காபி. சூரியன் மறையும் நேரத்துக்கு கோட்டையைவிட நெபோதிச்னிக் நல்ல இடம் என்பது என் கருத்து. 1933-இல் கட்டிய 70 மீட்டர் உயரக் கட்டடம், உச்சியில் காபிக்கடை. அங்கிருந்து பார்த்தால் கோட்டையும் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஆல்ப்ஸும் தெரியும். கோட்டையிலிருந்து கோட்டையைப் பார்க்க முடியாதே. படகுச் சவாரி முக்கால் மணி நேரம், அழகுதான், ஆனால் கரையில் நடந்தவருக்குப் புதிதாக எதுவும் காட்டாது.

இரவு வெளியே போக விரும்பினால் மெட்டெல்கோவா. யூகோஸ்லாவிய ராணுவம் காலி செய்த முகாமை 1993-இல் கலைஞர்களும் இளைஞர்களும் இடிப்பதற்கு முன் புகுந்து தம்வசப்படுத்திக்கொண்டார்கள். இன்று சிறு இசைக்கூடங்களும் சுவரோவியங்களும் நிறைந்த இடம். பக்கத்துப் பழைய ராணுவச் சிறை இப்போது தங்கும் விடுதி. பகலில் போனால் வெறிச்சோடிக் கிடக்கும், இரவு பதினொன்றுக்கு மேல்தான் உயிர் வரும். அங்கிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுத்தால் வம்பு வரும்.

ஞாயிறு. 2020-இல் வந்த சட்டப்படி ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் கடைகளுக்கு விடுப்பு. பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சிறு கடைகள் மட்டும் திறந்திருக்கும். பேரங்காடி, துணிக்கடை எதுவும் கிடையாது, காய்கறிச் சந்தையும் கிடையாது. உணவகங்களும் காபிக்கடைகளும் திறந்திருக்கும். ஆற்றின் பிரெக் கரையில் காலையில் பழம்பொருள் சந்தை கூடும். யூகோஸ்லாவியக் காலத்துப் பதக்கம், தட்டு, கேமரா என்று பார்க்கவே பொழுது போகும். பிறகு 1810-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குத் தெற்கே நடங்கள், தோட்டத்துக்கு நுழைவு இலவசம். இன்னும் கால் வலிக்காதவர்கள் நகர அருங்காட்சியகம் போகலாம். தெற்கிலுள்ள சதுப்புநிலத்தில் 2002-இல் கிடைத்த, சுமார் 5,200 ஆண்டு பழைய மரச்சக்கரம் அங்கே இருக்கிறது. அச்சோடு கிடைத்த மரச்சக்கரங்களில் உலகிலேயே மிகப் பழையது.

மழை நாளுக்கு அந்த அருங்காட்சியகமும், பிளெச்னிக் கட்டிய தேசிய நூலகத்தின் கருந்தூண்கள் நிற்கும் படிக்கட்டும், திர்னோவோவில் அவர் வாழ்ந்த வீடும் போதும். அந்த வீட்டுக்குள் வழிகாட்டியோடு சிறு குழுவாக மட்டுமே விடுவார்கள், ஐந்து இடத்தை முன்பே பதிவுசெய்யுங்கள். நகரச் சலுகை அட்டை வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: முழு மழை என்றால் வாங்கலாம், வெயிலடித்தால் வேண்டாம். நீங்கள் செய்யப் போகும் பாதிக் காரியங்களுக்குக் கட்டணமே இல்லை.

ஊர்ப் பஸ்ஸில் ஓட்டுநரிடம் ரொக்கம் கொடுக்க முடியாது. "உர்பானா" அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம், ஒருமுறை தட்டினால் தொண்ணூறு நிமிடத்துக்குள் வேறு பஸ் மாறலாம். ஒரே அட்டையைப் பலமுறை தட்டி ஐந்து பேரும் போகலாம், ஐந்து அட்டை வாங்காதீர்கள். நடந்தே முடியும் ஊரில் பஸ் தேவைப்படுவது அநேகமாக ஷ்மார்னா கோராவுக்குத்தான். நகரின் வட எல்லையில் 669 மீட்டர் உயரமுள்ள மலை, அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேர ஏற்றம், எட்டாம் எண் பஸ் அந்தப் பக்கம் போகும். காரில் வருகிறவர்கள் நெடுஞ்சாலைக்கான மின்னணு அனுமதியை எல்லைக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் கடுமை. காரை தோல்கி மோஸ்த், ஸ்தோஷித்செ போன்ற புறநகர் நிறுத்துமிடங்களில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் உள்ளே வாருங்கள்.

பிளெட் ஏரிக்கும் போய் வரலாமா என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடை. அழகில் குறையில்லை, ஆனால் ஜூலை ஆகஸ்டில் பஸ்ஸிலும் கூட்டம், கரையிலும் கூட்டம், நிதானம் என்பது பேச்சளவில்தான். ரயிலில் போவதானால் லெஸ்செ நிலையத்தில் இறங்கி ஊர்ப் பஸ் மாற வேண்டும், ஆகவே நேரடிப் பஸ்ஸே மேல். மூன்று இரவுதான் என்றால் அதற்குப் பதில் அரை நாளில் ஷ்கோஃப்யா லோகா போய் வாருங்கள். நடுக்கால நகரம், 20 கிலோமீட்டர்தான். இங்கே மட்டும் ரயிலைத் தவிருங்கள், நிலையம் பழைய நகரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ் நகருக்கே போகும். பிளெட் வேண்டும்தான் என்றால் நான்காவது இரவைச் சேர்த்து, வியாழனுக்குப் பதில் புதனன்று வாருங்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. உணவகத்தில் பில் கேட்டதும் "ஸ்குபாய் அலி போசெபெய்?" என்பார்கள், சேர்த்தா தனித்தனியா என்று. போசெபெய் என்றால் ஒவ்வொருவரும் சாப்பிட்டதைப் பிரித்து வாங்கிக்கொள்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். கூட்டம் நெரியும் வெள்ளி இரவில் மட்டும் ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மேசை என்றால் வெள்ளி, சனி இரவுகளுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது அவசியம். இருவருக்குக் கிடைக்கும் இடம் ஐவருக்குக் கிடைக்காது.